கழுவிப் பூட்டிய பெயாரிங்

யாழ்ப்பாணத்தின் பழைய கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் எஞ்சினிலேயே நின்றுவிடுகிறார்கள். 1990இல் வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்ட பிறகு, கொஞ்சம் பெற்றோலில் எஞ்சினைச் சூடாக்கி, அப்படியே மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் அந்தப் புகை மணத்தோடுதான் எங்கள் நினைவில் இருக்கின்றன. சில்லுகளை யாரும் பாடவில்லை. அந்தக் கார்களின் முழுப் பாரத்தையும் தாங்கியவை சில்லுக்குள் இருந்த சின்ன உருக்கு வளையங்கள். புதுப் பெயாரிங் கிடைப்பது அரிதாகிவிட்ட அந்த ஆண்டுகளில் அவற்றைச் சாகவிடாமல் வைத்திருக்க எங்கள் கராஜ்காரர்கள் கையாண்ட முறை இன்றும் தொடர்கிறது. அந்த முறை எவ்வளவு நல்லது, எந்த இடத்தில் பிழைக்கிறது என்று நின்று பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் எண்ணம்.

முறை எளியது. காரை ஜாக்கியில் ஏற்றி, சில்லைக் கழற்றி, ஹப்பை இழுத்தெடுத்து, பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, புதுக் கிரீஸ் அடைத்துத் திரும்பப் பூட்டுவது. சின்ன வயதில் நெல்லியடியில் ஒரு கராஜ் வாசலில் நின்று இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் ஒரு குவியல் கிரீஸை வைத்து, பெயாரிங்கின் விளிம்பால் அதை அழுத்தி அழுத்தி, மறுபக்கத்தால் கிரீஸ் பிதுங்கி வரும்வரைக்கும் அந்த அண்ணை விடமாட்டார். வைக்கோற் கரியை எண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்ட வழக்கம் காருக்கு இடம் மாறியது போலவே அது எனக்குத் தெரிந்தது.

இந்த முறையின் பெரிய பலம் கிரீஸில் இல்லை. கழற்றிப் பார்ப்பதில் இருக்கிறது. துடைத்த பெயாரிங் வெளிச்சத்தில் தன் கதையைத் தானே சொல்லும். வளையம் வைக்கோல் நிறமாகவோ நீலமாகவோ மாறியிருந்தால் அது சூட்டில் வெந்திருக்கிறது. ஓடுதடத்தில் அம்மைத் தழும்பு போலப் பெயர்ந்திருந்தால் உருக்கு களைத்துவிட்டது. குண்டுகளுக்கு இடையிலுள்ள அதே இடைவெளியில் வரிசையாகப் பள்ளங்கள் இருந்தால், யாரோ சுத்தியலால் தட்டிப் பூட்டியிருக்கிறார்கள். பந்தயக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். கட்டுக்குருந்தவின் பழைய விமான ஓடுபாதையிலோ, சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையிலோ ஓடுகிற ஒரு காரின் ஹப், திறக்கக்கூடிய வகையாக இருந்தால், அதைப் பந்தயத்துக்குப் பந்தயம் திறந்து பார்ப்பதே நல்ல பழக்கம். பணமும் உதிரிப்பாகமும் இல்லாத ஊரில் எங்கள் மெக்கானிக்குகள் தேவையின் நெருக்குதலால் அதே ஒழுக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அது சாதாரண விடயம் இல்லை.

ஆனால் திறந்து பார்த்த பிறகு என்ன செய்வது என்பதில் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். பந்தயக்காரர் தழும்பைக் கண்டால் எறிந்துவிடுவார். தழும்பே இல்லாவிட்டாலும், இத்தனை மணி நேரம் ஓடியாயிற்று என்ற கணக்கில் மாற்றிவிடுவார். நாங்கள் அதே பெயாரிங்கைக் கழுவிப் பூட்டினோம். வேறு இல்லை என்ற காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இன்று கடையில் புதியது இருக்கும்போதும், இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று அதையே பூட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பெயர்ந்த உருக்கைக் கிரீஸ் ஒட்டவைக்காது. சத்தத்தைக் கொஞ்ச நாளுக்கு அமுக்கும், அவ்வளவுதான். எனக்கு அதுதான் பயம்: எச்சரிக்கை செய்கிற ஒரே சத்தத்தையும் நாங்களே அடைத்துவிடுகிறோம்.

யுத்தகாலத்தில் இந்தப் பழக்கம் பெரிதாகத் தண்டிக்கப்படாததற்கும் காரணம் உண்டு. பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் இருபது மைல் சொச்சம். குண்டும் குழியுமான வீதி, மெதுவான ஓட்டம், இடையிடையே நிற்பது. ஹப் சூடாவதற்கே நேரம் கிடைக்கவில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்து, 2006இல் மூடி, யுத்தம் முடிந்த பிறகு மீண்டும் திறந்தது. இப்போது அதே வயதுக் கார்கள் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கொழும்புக்கு ஒரே மூச்சில் ஓடுகின்றன. கிரீஸுக்குச் சூடு எதிரி. 70 பாகை செல்சியசுக்கு மேலே ஒவ்வொரு 15 பாகைக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகக் குறைகிறது என்பது பெயாரிங் தொழிலில் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. பந்தயக் கார்களில் முன்பக்கக் காற்றைக் குழாய் வைத்து பிறேக் டிஸ்க்கின் நடுவுக்குக் கொண்டுபோகிறார்கள். பிறேக்கைக் குளிரவைக்கும் அந்தக் காற்று பெயாரிங்கையும் காப்பாற்றுகிறது. எங்கள் வீதிக்குக் குழாய் வேண்டாம். பிறேக் இறுகிப் பிடித்தபடி ஓடுகிறதா என்று பார்த்தாலே போதும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நான்கு சில்லின் நடுவையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அங்கே கதை இருக்கிறது.

அடுத்தது சுமை. சுவீடனின் லுண்ட்பெரி, பாம்கிரன் இருவரும் 1947இல் வெளியிட்ட ஆயுட்கணக்கு இன்றும் பெயாரிங் பட்டியல்களின் அடித்தளம். குண்டுப் பெயாரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். பந்தயக் கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லில் இந்தச் சுமை ஏறுகிறது. எங்களிடம் அது வேறு வழியால் வருகிறது: வானுக்குள் அடுக்கிய அரிசி மூட்டைகள், கோயிலுக்குப் போகும் முழுக் குடும்பம். இன்னொன்று, இளம் பிள்ளைகள் ஆசையாகப் பூட்டுகிற அகலமான றிம்கள். சில்லு வெளியே தள்ளத் தள்ள நெம்புகோல் நீளுகிறது, பெயாரிங் அந்த முறுக்கை முழுக்க வாங்குகிறது. ஓடுதளத்தில் அகல றிம் பூட்டுகிறவர் அதற்கு விலையாகப் பெயாரிங்கை அடிக்கடி மாற்றுகிறார். வீதியில் பூட்டுகிறவருக்கு அந்த விலையை யாரும் சொல்வதில்லை.

கராஜில் நடக்கும் பிழைகளில் என்னை அதிகம் வருத்துவது அந்த மண்ணெண்ணெய்த் தகரம். ஒரே தகரத்தில் எல்லாவற்றையும் கழுவுகிறோம். கறுத்த எண்ணெயில் மிதக்கும் உருக்குத் தூள், கழுவிய பெயாரிங்குக்குள்ளேயே திரும்பப் போகிறது. கடைசிக் கழுவலுக்கு மட்டுமாவது சுத்தமான மண்ணெண்ணெய் வேண்டும். அடுத்தது ஹப்பை முழுக்கக் கிரீஸால் நிரப்புவது. வெற்றிடத்தின் மூன்றிலொரு பங்கோ பாதியோ போதும். மிஞ்சியதைப் பெயாரிங் கடைந்து கடைந்து தானே சூடாகும், சீலையும் வெளியே தள்ளும். லித்தியக் கிரீஸும் களிமண் அடிப்படையிலான கிரீஸும் கலந்தால் சில நேரம் இரண்டுமே இளகி வடிந்துவிடும். பழையதை முற்றாகத் துடைக்காமல் புதியதை அடைப்பது அதனால் ஆபத்து.

நட்டை இறுக்குவதிலும் எல்லாக் காருக்கும் ஒரே கை வைக்கிறோம். மொறிஸ் மைனரின் முன் ஹப்பில் இரண்டு குண்டுப் பெயாரிங்குகளுக்கு நடுவே ஓர் இடைக்குழல் இருக்கிறது. அதை நன்றாக இறுக்கியே பூட்ட வேண்டும். கூம்புருளைப் பெயாரிங் அப்படியல்ல. சில்லைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அளவுக்கு மட்டும் ஆட்டம் விட்டு ஊசி போட வேண்டும். ஒன்றின் பழக்கம் மற்றதைக் கொல்லும்.

எங்கள் நிலமும் தன் பங்கைச் செய்கிறது. மாரியில் வல்லை வெளியில் தண்ணீர் நிற்கும்போது, ஓடிச் சூடான ஹப் குளிர்நீருக்குள் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பாதையாலும் நாளாந்தம் போகிறவர்களுக்கு அது உப்புத் தண்ணீர். மணற்காட்டுப் பக்கத்து நுண்மணலைச் சொல்லவே வேண்டாம். மாரி முடிந்ததும் ஹப்பைத் திறக்கும் எங்கள் பழைய வழக்கம் இந்த இடத்தில் முழுக்கச் சரி. அதை விடக்கூடாது. ஆனால் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதுச் சீல் போட வேண்டும். பெயாரிங்கில் காட்டும் அக்கறையில் பாதிகூட சீலுக்குக் காட்டுவதில்லை.

இன்றைய யப்பான் கார்களில் பெரும்பாலும் மூடிய ஹப். அதைத் திறக்க வழியில்லை. ஓடுதளத்தில் சிலர் அதன் சீலை நெம்பி, ஊசியால் உயர்சூட்டுக் கிரீஸ் ஏற்றுகிறார்கள். ஓரிரு பந்தயத்துக்குப் பிறகு எறியப்போகிற பெயாரிங்குக்கு அது பொருந்தலாம். நெம்பிய சீலோடு மாரி வெள்ளத்தில் இறங்கப்போகிற காருக்குப் பொருந்தாது. இந்தத் தந்திரம் எங்கள் கராஜ்களுக்கும் வந்துவிடுமோ என்பது என் கவலை. மூடிய ஹப் இரைந்தால் மாற்றுவதுதான் வழி. மாற்றும்போதும் சுத்தியல் வேண்டாம், பிறெஸ் வேண்டும். நடு நட்டுக்கு முறுக்களவுச் சாவி வேண்டும்.

பந்தயக்காரர்களிடமிருந்து நாங்கள் எடுக்க வேண்டியது ஒரு கொப்பி. எந்தச் சில்லு, எந்தத் திகதி, எத்தனையாவது கிலோமீற்றர், எந்தக் கிரீஸ், வளையத்தில் என்ன கண்டோம் என்று எழுதிவைக்கும் கொப்பி. நெல்லியடி அண்ணை அதெல்லாவற்றையும் தலைக்குள் வைத்திருந்தார். அவர் கழுவிய எல்லாவற்றையும் திரும்பப் பூட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைத்துவிடுவார். பலகையில் பெயாரிங் வண்டி செய்வதற்கு எங்களுக்கு அவைதான் கிடைத்தன.