கிறித்துவப் பிரசங்கமும் சித்தாந்தக் கேள்வியும்

கிறித்துவ சமயத்தார் சந்தையினும் சாலையினும் வெட்டவெளியினும் நின்று தம் சமயத்தை எடுத்துரைக்கும் வழக்கத்தைச் சைவருட் பலர் ஆட்சேர்க்கும் உபாயம் என்ற அளவிலே கொண்டு ஒதுக்கிவிடுவர். நாடி வருவார்க்கே உரைக்கற்பாலதாகிய மெய்ப்பொருளை வேண்டாதார் செவியிலும் வலிந்து புகுத்துதல் அம்மெய்ப்பொருட்கே இழுக்காம் என்பது அவர் கருத்து. இக்கருத்தில் உண்மை சிறிதும் இல்லையென்றல் கூடாது. ஆயினும், பிறர் சமயத்து ஒழுகலாறொன்றை மறுக்கப் புகுவார், அதனை அச்சமயத்தார் எப்பொருளிற் கொண்டனர் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பிறர் கொள்கையை அவர் கூறுமாறே எடுத்தோதிப் பின்னர் மறுத்தல் அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்துட் கைக்கொண்ட முறை. பிரசங்கத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் அம்முறை பெரிதும் கைவிடப்பட்டுள்ளது.

கிறித்துவருள், சிறப்பாகப் புரொட்டஸ்டாண்டுச் சபையாருள், பிரசங்கம் சமயத்தைப் பரப்புதற்கு ஏற்பட்ட புறக்கருவி மாத்திரமன்று. அருட்பேற்றுக்கே வாயிலாக எண்ணப்படுவது. பவுல் உரோமாபுரிச் சபையார்க்கு எழுதிய நிருபத்தின் 10-ஆம் அதிகாரத்தில், விசுவாசம் கேள்வியால் உண்டாவதெனவும், அக்கேள்வி உரைப்பாரின்றி உண்டாகாதெனவும் காரணகாரியத் தொடர்ச்சியாக நிறுவுகின்றார். சுவிட்சர்லாந்து தேசத்துப் புல்லிங்கர் இயற்றி 1566-ஆம் ஆண்டு வெளிவந்த விசுவாச அறிக்கை, பிரசங்கிக்கப்படும் தேவவாக்கும் தேவவாக்கே எனத் துணிந்தது. அத்தேசத்தவரேயாகிய கார்ல் பார்த், 1932-ஆம் ஆண்டு முதலாக வெளியிட்ட பெருநூலில், வெளிப்பட்டது, எழுதப்பட்டது, பிரசங்கிக்கப்படுவது என இறைவாக்கு மூவகை வடிவினதென வகுத்தார். எனவே, பிரசங்கபீடத்தில் நிற்பவன் வாயிற் பிறக்கும் உரை, கொள்கையளவில், வேதத்தோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுகின்றது. சைவன் திருக்கோயிலிற் சென்று மூர்த்தியைத் தரிசிக்கும் மனநிலை யாதோ, அதனையொத்த மனநிலையோடு அவருட் பத்தியுடையார் பிரசங்கத்திற்குச் செவிகொடுப்பர். இதனை அறியாது சந்தைக்கூச்சல் என எள்ளுதல் தகாது.

இனி, அப்பிரசங்கத்தின் இயல்பு யாது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த சி. எச். டாட் என்பார், அப்போஸ்தலர் செய்த பிரசங்கத்தை ஆராய்ந்து 1936-ஆம் ஆண்டு வெளியிட்ட சிறுநூல் இவ்விடத்துக் கருதத்தக்கது. அவர் கெரிக்மா, டிடக்கே என்னும் இரு கிரேக்கச் சொற்களைப் பிரித்துக் காட்டுகின்றார். பின்னது, சபையினுட் புகுந்தார்க்கு ஒழுக்கத்தையும் கொள்கையையும் கற்பித்தல். முன்னது, புகாதார்க்கு இன்னது நிகழ்ந்தது என அறிவித்தல். இப்பாகுபாடு அளவிற்கு மிஞ்சியதெனப் பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் குறை கூறினர், அது நிற்க. கெரிக்மா என்னுஞ் சொல் அரசனாணையைச் சாற்றுவோனுடைய தொழிலினின்றும் வந்தது. தமிழ் மரபிற் கூறுமிடத்து, யானைமேலேறி முரசறையும் வள்ளுவன் செயல் அது. முரசறைவோன் கேட்பாரது தகுதியை நோக்குவானல்லன். ஊரார் அனைவரும் கேட்டல் வேண்டும் என்பதே அவன் மேற்கொண்ட கடன். வீதியில் நின்று உரைத்தல் ஏன் என்னும் வினாவிற்கு இதுவே விடை. அறைகுவது வீதியிலன்றி வேறெங்கே?

சித்தாந்தத்திற்கும் அச்சமயத்திற்கும் உள்ள வேற்றுமையின் வேரும் ஈண்டே காணப்படும். சுவிசேடம் என்பதற்கு நற்செய்தி என்பதே பொருள். செய்தியாவது, காலத்தில் ஒருமுறை நிகழ்ந்து, அறியாதார்க்கு அறிவிக்கப்படுவது. கிறித்துவர்க்கு உயிர்களின் உய்தி, பொந்தியு பிலாத்து என்னும் உரோமானிய அதிகாரி காலத்தில் எருசலேமில் நிகழ்ந்ததொரு செயலைப் பற்றி நிற்கின்றது. ஆகலின் அதனைக் கேளாதவன் நிலை என்னாம் என்னும் அச்சம் அவர்தம் பிரசங்கத்திற்கு விரைவையும் வேகத்தையும் தருகின்றது. சித்தாந்தத்திலோ உயிரும் மலமும் அநாதி. முதல்வன் ஐந்தொழிலும் உயிர்கள்பொருட்டு இடையறாது நிகழ்வன. மலத்தோடு உடன் நின்று மறைக்கும் திரோதானமும் அருளே. இன்ன ஆண்டில் அருள் தொடங்கிற்று எனச் சாற்றுதற்கு இங்கு ஒன்றுமில்லை. ஆதலின், முரசறையும் தொழிலைச் சைவம் மேற்கொள்ளாமை அதன் சோம்பலால் வந்ததன்று, கொள்கையால் வந்தது.

வெளியிடப் பிரசங்கம் ஆங்கில நாட்டிற் பெருகிய வரலாறு பலரும் அறிந்தது. 1739-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் ஜார்ஜ் விட்பீல்டு என்பார் பிரிஸ்டல் நகரை அடுத்த கிங்ஸ்வுட்டில் நிலக்கரி தோண்டுவார்க்கு வெட்டவெளியில் உரைத்தனர். ஏப்பிரல் மாதத்தில் ஜான் வெஸ்லி, முதலில் மிகவும் கூசியே, அவர் வழியைப் பின்பற்றினார். ஆலயத்திற்குப் புறம்பே உயிர்களை உய்வித்தல் பாவம்போலும் என்று அதற்கு முன் எண்ணியிருந்ததாக அவரே தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். விட்பீல்டின் குரல் எத்துணைத் தூரம் கேட்குமென்று பிலடெல்பியா நகரத்து வீதியிற் பின்னோக்கி நடந்து அளந்த பெஞ்சமின் பிராங்ளின், முப்பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் கேட்கலாமெனக் கணக்கிட்டார். ஒலிபெருக்கி தோன்றாத காலம் அது. பிரசங்கியாரிடம் ஈடுபட்டும் அவர் சமயத்திற்கு உட்படாதிருந்த பிராங்ளின் கணக்கிட்டது குரலெல்லையை மாத்திரமே என்பதும் குறிக்கத்தக்கது.

கூடினார் தொகை பெருகவே, கிறித்துவர்க்குள்ளேயே ஒரு பெருவினா எழுந்தது. மனமாற்றம் எவரால் நிகழ்கின்றது? 1734, 1735-ஆம் ஆண்டுகளில் மாசசூசெட்ஸ் நாட்டு நார்தாம்டன் ஊரில் எழுந்த சமய எழுச்சியைப் பற்றி 1737-இல் வெளிவந்த நூலில், அவ்வூர்ப் போதகராகிய ஜோனதன் எட்வர்ட்ஸ் அதனை இறைவனுடைய வியத்தகு செயல் என்றே பெயரிட்டு வழங்கினார். தாம் உரைத்தது உண்டு. ஆயின் உரையின் அளவிற்கன்றி இறைவன் திருவுளத்தின் அளவிற்கே பயன் விளைந்தது என்பது அவர் துணிபு. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1835-ஆம் ஆண்டு வெளிவந்த சொற்பொழிவுகளிற் சார்லஸ் பின்னி என்பார் இதற்கு மறுதலையாகக் கூறினார். உழவன் விதைத்து விளைவு பெறுமாறு போலத் தக்க கருவிகளைத் தக்கவாறு பயன்படுத்தினால் சமய எழுச்சி விளையும். அஃது அற்புதமன்று என்றார். விளைவிற்கு இறைவன் ஆசி வேண்டுமென்பதை அவர் மறுத்தாரல்லர். ஆயினும் அழுத்தம் முழுதும் கருவியின்மேல் வீழ்ந்தது. பிரசங்கத்தின் முடிவில் மனங்கலங்கியவர்களை எழுந்து வந்து முன்வரிசைப் பலகையில் அமருமாறு அழைக்கும் முறையை அவர் பெரிதும் கையாண்டனர்.

இதனைக் கண்டித்தவரும் கிறித்துவரே. பென்சில்வேனியாவிலிருந்த ஜான் நெவின் 1843-ஆம் ஆண்டு அப்பலகையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். எழுந்து முன்னே வருதல் மனந்திரும்புதலாகாது. உணர்ச்சி வேகம் அருளாகாது. இல்லத்திலும் சபையிலும் வினாவிடை முறையால் ஆண்டாண்டாகக் கற்பித்து உயிரைப் பக்குவப்படுத்தலே மெய்யான முறை என்பது அந்நூலின் சாரம். சித்தாந்தம் பயின்றார் இவ்வழக்கை நோக்குமிடத்து, எட்வர்ட்ஸ் கூற்றிற் சத்திநிபாதத்தின் சாயலையும், நெவின் கூற்றிற் சரியை முதலிய படிமுறையின் சாயலையும் காணாதிரார். பின்னியின் கூற்றிலோ, மலபரிபாகம் என்பதற்கே இடமில்லை. பக்குவம் எய்திய உயிரின்கண்ணும் எய்தாத உயிரின்கண்ணும் ஒரே மாலைப்பொழுதில் ஒரே உரை ஒரே பயனைத் தருமென எதிர்பார்த்தல், மந்ததரம் முதல் தீவிரதரம் ஈறாக நால்வேறு வகைப்படும் சத்திநிபாதத்தை அறிந்தார்க்கு ஒவ்வாது.

இருபதாம் நூற்றாண்டில் மேலோங்கியது பின்னி வகுத்த நெறியே. 2018-ஆம் ஆண்டு மறைந்த பில்லி கிரஹாம் 1957-ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரில் வாரக்கணக்காக நிகழ்த்திய கூட்டங்களுக்கு வந்தோர் தொகை இருபது இலக்கத்திற்கு மேற்பட்டது. 1973-ஆம் ஆண்டு கொரியாவின் சியோல் நகரில் இறுதிநாட் கூட்டத்தில் மாத்திரம் பத்து இலக்கத்திற்கு மேற்பட்டோர் திரண்டனர். முன்வந்தார் பெயரைச் சீட்டிற் பதிந்து அவ்வவ்வூர்ச் சபைகளிடம் ஒப்புவிக்கும் ஏற்பாடும் இருந்தது. பிரசங்கம் தானே போதாது என்பதை அவ்வேற்பாடே உடன்படுகின்றது. அவ்வகையில் அது பாராட்டற்பாலது. இக்காலத்து வானொலியும் திரையும் கைக்கருவிகளும் பிரசங்கியாரையும் கேட்பாரையும் ஒருவரையொருவர் காணாதவாறு பிரித்துவிட்டன. முரசொலி முன்னையினும் சேய்மைக்கண் கேட்கின்றது. கேட்டவன் எவன் என்பது முரசறைந்தவனுக்குத் தெரியவில்லை.

அற்றேல், சித்தாந்தம் உரையை வேண்டாததோ எனின், அன்று. சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் இதற்கு இலக்கியமாவது. ஐம்பொறிகளாகிய வேடருள் வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனுக்கு, நீ இன்னான் என ஒருவர் உணர்த்தியே தீரல்வேண்டும், தானாக அறியமாட்டான். ஆகலின் சகலர்க்கு வாக்கு இன்றியமையாதது. ஆயின் ஆண்டு உணர்த்துவார் யார்? முதல்வனே குருவாகி வந்து உணர்த்துவன். எப்பொழுது? உயிர் முன்செய் தவத்தான் முதிர்ந்தபொழுது. மானைக் காட்டி மானைப் பிடிப்பார்போல முதல்வன் மானிட வடிவந் தாங்கி வருவனென உமாபதிசிவம் திருவருட்பயனில் உணர்த்தினார். இவ்வாறு வந்த வாக்கைக் கேட்டல் முதற்படி. சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்பன அதன் மேலன. கிறித்துவர் கேள்வியைத் தலைமையாக வைத்தது சைவர்க்கு உடன்பாடே. கேள்வியோடு தீர்ப்பும் முடிந்துவிடும் எனக் கருதுமிடத்தேதான் பிணக்கு.

இவ்விரு நெறியும் நேர்முகமாகச் சந்தித்த இடம் யாழ்ப்பாணம். வெஸ்லியின் வழிவந்த மிசனரிமார் 1814-ஆம் ஆண்டும், எட்வர்ட்ஸ் மரபில் வந்த அமெரிக்க மிசனரிமார் 1816-ஆம் ஆண்டும் ஆண்டு வந்து பாடசாலைகளை நிறுவிப் பிரசங்கம் புரிந்தனர். வெஸ்லியன் பாடசாலையிற் பயின்று, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி, வெள்ளிக்கிழமைதோறும் நடத்துவித்தார். அதற்கு முன்னர்ச் சைவர் கோயில்களில் இருந்தது புராண படனம். ஒருவர் கந்தபுராணச் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். செய்யுளைப் பற்றாது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நேரே சபையாரை நோக்கி உரைக்கும் முறை அங்குப் புதியது. நாவலர் பாதிரிமார் கருவியை இரவல் வாங்கினார் என்று சிலர் கூறுவர். வாங்கினமை மெய்யே, அதனை மறைக்கவேண்டுவதில்லை. வாங்கியதை எவ்வாறு மாற்றினார் என்பதே நோக்கத்தக்கது.

அவர் பிரசங்கம் புறச்சமயத்தாரைத் தேடிச் சென்றதன்று. சைவராய்ப் பிறந்தும் சைவம் அறியாதாரைக் கோயிலினுள் இருத்தி உரைத்தது. டாட் கூறிய பாகுபாட்டின்படி அது கெரிக்மாவன்று, டிடக்கே. கொல்லாமை, கள்ளுண்ணாமை முதலிய ஒழுக்கமும் சிவபூசையும் ஆகமப் பொருளும் அதன் விடயங்கள். ஓரிரவில் எழுந்து முன்வரும்படி அங்கு எவரும் அழைக்கப்படவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வரும்படியே அழைக்கப்பட்டனர். 1848-ஆம் ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையும், அதனை அடுத்து அச்சியந்திரசாலையும், பாலபாடங்களும், சைவ வினாவிடையும் தோன்றின. நெவின் பென்சில்வேனியாவில் வேண்டிய வினாவிடை முறையை, அவர் பெயரையும் கேட்டிராதவராகக் கருதத்தக்க ஒரு சைவர் யாழ்ப்பாணத்தில் நடைமுறைக்குக் கொணர்ந்தமை வியப்பே. திருவாவடுதுறை ஆதீனம் 1849-ஆம் ஆண்டு அவர்க்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியதனால், ஆதீன மரபும் அப்புதுமுறையை ஏற்றுக்கொண்டதெனல் வேண்டும்.

இத்துணையும் கூறியது கிறித்துவப் பிரசங்கத்தை மதிப்பிடுதற்பொருட்டு மாத்திரமன்று. இன்று சைவத் திருக்கோயில்களிற் சொற்பொழிவுகளுக்குக் குறைவில்லை. விழாக்காலத்தில் ஒலிபெருக்கி நிறுவி, பெயர்பெற்ற பேச்சாளரை வருவித்து, நகையும் கைதட்டலும் எழ ஓரிரவு உரைக்கச் செய்து அனுப்பிவிடுகின்றனர். கேட்டார் எவர், அவருட் சிவதீக்கை பெற்றார் எவர், மறுவாரம் திருமுறையோதவோ சாத்திரம் பாடங்கேட்கவோ வந்தார் எவர் என்று உசாவுவாரைக் காண்டல் அரிது. வந்தாரை ஏற்றுக் கற்பித்தற்கு ஆசிரியரை வைத்த கோயில்களும் சிலவே. சீட்டில் பெயர் பதிந்துகொள்ளும் அவ்வளவேனும் இல்லாத இம்முறை நாவலர்க்கு வழிவந்ததோ, பின்னிக்கு வழிவந்ததோ என்பதைத் திருக்கோயிற் சபைகளை நடத்துவோர் ஆராய்வாராக.