வளைகோடு பொருந்தினால் போதுமா?

புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் இருந்துகொண்டு பண்பலை கேட்கிறீர்களா? பழைய வானொலிப் பெட்டியைத் திறந்தால் சிறு கம்பிச்சுருள்கள் தென்படும். பாடக் கணக்கில் சுருளுக்கு மின்தூண்டல் எண் ஒன்றே போதும். உண்மையில் கம்பிக்கு மின்தடை உண்டு. சுற்றுகளுக்கிடையே மின்தேக்குத்திறனும் உண்டு. 1 மைக்ரோஹென்றிச் சுருளில் அது 1 பிக்கோஃபாரடு என்றால், 159 மெகாஹெர்ட்சில் ஒத்ததிர்வு; அதற்கு மேல் சுருள் மின்தேக்கியைப்போல் நடக்கும்!

எனவே இம்மூன்றையும் சேர்த்துச் சமானச் சுற்று ஒன்றை வரைகிறார்கள். சுருளின் ஒரு முனையைத் தரையிணைத்து, மறுமுனைக்கு 50 ஓம் வடம் வழியே அலையை அனுப்பி, திரும்பி வரும் பங்கை அளக்கிறார்கள். இதுவே எஸ்-அளவுரு. இவ்வளைகோட்டோடு ஒட்டும்வரை சுற்றின் எண்களைக் கணிப்பொறி மாற்றிப் பார்க்கும். ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார்கள்.

இதைத்தான் ஏற்க முடியவில்லை. நம் சுருளின் தடை 4 ஓம் என்றால், 100 மெகாஹெர்ட்சில் திரும்பும் பங்கு 0.999; 8 ஓம் என்றால் 0.998. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் தரக்காரணி பாதியாகிவிட்டது! சுருள் இடம்பெறும் இசைவுச் சுற்றின் கூர்மையும் மங்கும்.

வழி என்ன? இழப்புக் குறைந்த மின்தேக்கியைத் தொடராக இணைத்து, அதே அதிர்வெண்ணில் ஒத்ததிரச் செய்யுங்கள். இப்போது விடைகள் ஏறத்தாழ 0.64, 0.39. மறைந்திருந்த தடை வெளிப்பட்டுவிட்டது. மாணவர்களே, பொருத்தத்தின் அழகைப் பார்த்து மயங்காதீர்கள். தேடும் எண்ணை அந்த அளவீடு காட்டுமா என்று முதலில் கேளுங்கள்.