சுவரிலிருந்து நகருக்கு: அனுபமா குண்டூவின் கட்டடக்கலை பற்றிய ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழில் கட்டடக்கலை பற்றிய எழுத்து பெரும்பாலும் கோயிற்கலையோடு நின்றுவிடுகிறது. பல்லவர் குடைவரைகள், சோழர் விமானங்கள், நாயக்கர் மண்டபங்கள் ஆகியவை பற்றி நிறைவான ஆய்வுகள் நம்மிடம் உள்ளன. ஆயின், நம் காலத்தில் தமிழ் மண்ணில், உள்ளூர்க் கொத்தனார்களின் கைவண்ணத்தில் எழுந்து, உலக அரங்கில் பேசப்படும் கட்டடங்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவே. அவ்வகையில், புதுச்சேரிக்கு வடக்கே அமைந்த ஆரோவில்லில் தம் தொழில் வாழ்வைத் தொடங்கிய அனுபமா குண்டூவின் பணிகள் நம் கவனத்திற்கு உரியன. 2021ஆம் ஆண்டில் பன்னாட்டுக் கட்டடக்கலைஞர் ஒன்றியத்தின் ஒகுஸ்த் பெரே பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

பாராட்டுரை எழுதுவது நம் நோக்கமன்று. ஒரு சுவரைக் கட்டுவதில் வெற்றி கண்ட கொள்கை, ஒரு நகரைக் கட்டுவதற்கும் போதுமானதா என்னும் வினாவை முன்வைத்து இவருடைய பணிகளை இங்கே நோக்குகிறோம்.

பின்புலம்

1967இல் புனேயில் பிறந்த குண்டூ, மும்பையின் சர் ஜே. ஜே. கட்டடக்கலைக் கல்லூரியில் பயின்று 1989இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தார். பெருநகர அலுவலகம் ஒன்றில் பல்லாண்டு வரைபடம் வரைந்து, பின்னர்த் தனித்தொழில் தொடங்குவது அத்துறையினரின் வழக்கமான பாதை. இவரோ சவுக்குக் கழிகளைத் தென்னங்கயிற்றால் பிணைத்து, கீற்று வேய்ந்து, தமக்கென ஒரு குடிலை அமைத்துக்கொண்டு அதிலேயே வாழ்ந்தார். ஒரு பொருள் வெயிலில் எவ்வாறு நடந்துகொள்கிறது, மழையில் எத்தனை ஆண்டு தாங்குகிறது என்பனவற்றை அவர் குடியிருந்தே அறிந்தார். இவ்வனுபவம் அவருடைய பின்னாளைய பணிகள் அனைத்திற்கும் அடித்தளம் எனலாம்.

ஆரோவில்லின் இயல்பையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1968 பிப்ரவரி 28ஆம் நாள் ஸ்ரீ அன்னையால் தொடங்கப்பட்ட இந்நகர், 50,000 பேர் வாழ்வதற்கெனத் திட்டமிடப்பட்டது. பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ரொஜே ஆஞ்ஜே இதற்கு விண்மீன் மண்டல வடிவில் ஒரு நகரமைப்பை வகுத்தார். குண்டூ அவரோடு நெருங்கிப் பணியாற்றியவர். அவரைப் பற்றி ஒரு நூலும் எழுதியவர். ஆக, ஒருபுறம் கீற்றுக் குடில், மறுபுறம் அரை இலட்சம் மக்களுக்கான பெருந்திட்டம் என இரு துருவங்களுக்கு இடையே இவருடைய சிந்தனை உருப்பெற்றது. நகரைப் பற்றிய நம் வினா வெளியிலிருந்து இவர்மீது சுமத்தப்படுவதன்று. அஃது இவருடைய தொடக்கத்திலேயே உள்ளது.

அச்சுக்கல்லும் சுவர் வீடும்

குண்டூவின் படைப்புகளுள் முதன்மையாகச் சுட்டப்படுவது, 2000ஆம் ஆண்டில் நிறைவுற்ற அவருடைய சொந்த இல்லமாகிய ‘சுவர் வீடு’. நீண்டு குறுகிய இவ்வீட்டின் சுவர்கள் அச்சுக்கல்லால் ஆனவை. அச்சுக்கல் என்பது அப்பகுதிச் சிறு சூளைகளில் சுடப்படும் மெல்லிய செங்கல். அளவிற் பெரிய செங்கல்லும் சிமெண்ட்டுக் கல்லும் பரவியபின் அது கைவிடப்படும் நிலையை எட்டியிருந்தது.

இத்தேர்வின் தொழில்நுட்ப விளைவை நாம் உணர்தல் வேண்டும். கல் மெல்லியதாகும்போது வரிசைகள் பெருகுகின்றன. வரிசைகள் பெருகும்போது சாந்தும் உழைப்பும் பெருகுகின்றன. சிக்கனக் கணக்கர் இதைக் குறையென்பார். குண்டூ சுண்ணாம்புச் சாந்தைக் கொண்டு இக்குறையையே நிறையாக மாற்றினார். நெருங்கிய கிடைக்கோடுகள் சுவருக்கு ஒரு நுண்ணிய நெசவைத் தருகின்றன, பூச்சு தேவைப்படவில்லை. கூரையிலும் இதே அணுகுமுறையைக் காண்கிறோம். ஒன்றனுள் ஒன்று செருகப்படும் சுடுமண் குழல்களால் வளைவுகள் எழுப்பப்பட்டன. தளங்களில் சுடுமண் பானைகள் இடைநிரப்பாக வைக்கப்பட்டதால் காங்கிரீட்டின் அளவு குறைந்தது. ஊர்க்குயவரின் சக்கரம் மீண்டும் கட்டுமானத் தொழிலோடு இணைந்தது.

இவ்வீட்டிற்கு 2012இல் மற்றொரு வாழ்வு கிட்டியது. வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் இதன் முழு அளவுப் படி கட்டப்பட்டது. இந்தியாவிலிருந்து சென்ற கைவினைஞர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் அங்கு ஒன்றாகப் பணிபுரிந்தனர். கட்டுமானத் தளத்தில் கட்டளை பெறுபவராக மட்டுமே அறியப்பட்ட கொத்தனார், அங்கே கற்பிப்பவராக நின்றார். எனினும், இக்கட்டடம் பற்றிய கட்டுரைகளில் வடிவமைப்பாளரின் பெயர் நிலைபெறும் அளவுக்குக் கொத்தனாரின் பெயர் நிலைபெறவில்லை. கோயில் கட்டிய மன்னனின் பெயரைக் கல்வெட்டில் படித்துவிட்டுத் தச்சனின் பெயரைத் தேடும் நமக்கு இந்நிலை புதிதன்று. ஆயினும் இக்காலத்திலும் அது தொடர்வது ஏற்கத்தக்கதன்று.

வீடே சூளையாதல்

சுவர் வீட்டைக் காட்டிலும் சிறந்த பணியென நாம் கருதுவது, புதுச்சேரியை அடுத்து வீடற்ற குழந்தைகளுக்காக 2008இல் உருவான வொலொந்தாரியா இல்லங்களே. மட்பாண்டக் கலைஞர் ரே மீக்கர் பல்லாண்டு சோதித்து வளர்த்த முறையை இங்கே குண்டூ கையாண்டார். பச்சை மண்கல்லால் குவிமாட வீட்டை முதலில் கட்டிவிடுகின்றனர். பின்னர் அதன் உள்ளே சுடப்படாத கற்களையும் பிற மண்பொருள்களையும் அடுக்கித் தீ மூட்டுகின்றனர். நாள்கணக்கில் எரியும் தீயில் வீடும் வெந்து உறுதிபெறுகிறது. உள்ளே இருந்த பொருள்களும் வெந்து பயனுக்கு வருகின்றன. வழக்கமான சூளையில் சுவர்கள் உறிஞ்சி வீணாகும் வெப்பம் இங்கே வீட்டையே சுட்டெடுக்கிறது.

இம்முறையின் சிறப்பு அழகில் மட்டும் இல்லை. செலவின் பெரும்பகுதி தொலைவிலுள்ள ஆலைக்குச் செல்லாமல், மண் பிசைந்தவருக்கும் கல் அடுக்கியவருக்கும் கூலியாகச் சேர்கிறது. மிதிவண்டிச் சக்கரங்கள் சாளரங்களுக்கும் கண்ணாடிப் புட்டிகள் சுவர்களுக்கும் பயன்பட்டன. யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்தம் தேவையும், எவ்வாறு கட்டப்பட்டது என்னும் முறையும் இங்கே பிரிக்க முடியாதவாறு இணைந்துள்ளன. சுவர் வீடு அதைக் கட்டியவரின் இல்லம், இதுவோ பிறருக்கானது. அதனாலேயே இதன் தகுதி ஒருபடி உயர்கிறது.

நகர் என்னும் சோதனை

இனி நம் வினாவிற்கு வருவோம். ஆரோவில்லில் குண்டூ அமைத்த ‘கிரியேட்டிவிட்டி’ குடியிருப்பு, தனி வீட்டிலிருந்து கூட்டு வாழ்வுக்கு அவர் எடுத்துவைத்த அடி. சமையலறை முதலியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் இவ்வமைப்பு, ஒவ்வொரு குடும்பமும் அனைத்தையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டுமா என வினவுகிறது. நிலமும் பொருளும் மிச்சமாகும் வழி, கல்லின் அளவில் மட்டுமன்றி வாழும் முறையிலும் உள்ளது என்பதை இவர் இங்கே உணர்த்துகிறார். வீட்டுவசதி வாரியத்தின் அடுக்குமாடிகளில் வாழும் சிங்கப்பூர் வாசகர்க்கு இவ்வினா அந்நியமானதன்று.

இதனினும் பெரியது, ஆஞ்ஜேயின் திட்டத்தில் இடம்பெற்ற நீள்வரிசைப் பெருங்கட்டடங்களுள் ஒன்றான ‘நல்லெண்ணக் கோடு’. செறிவாக வாழ்ந்தால் நிலத்தைக் காக்கலாம், ஊர்திகளைக் குறைக்கலாம் என்பது இவ்வடிவமைப்பின் அடிப்படை. இக்கருத்து நியாயமானதே. ஆயின், இங்கே ஓர் இடைவெளியைக் காண்கிறோம். குண்டூவின் சிறு கட்டடங்களில் வடிவம் பொருளிலிருந்து பிறந்தது. கல்லும் குழலும் இதுவரை என எல்லை கூறின, வடிவம் அதற்கு இணங்கியது. பெருந்திட்டத்திலோ வடிவம் முன்பே வரையப்பட்டுவிட்டது. பொருளும் மக்களும் அதற்குள் வந்து பொருந்த வேண்டியவர்களாகின்றனர். அச்சுக்கல்லால் அத்தகைய உயரத்தை எட்ட இயலாது. ஆகவே, கொத்தனாரின் கை இவ்வடிவமைப்பில் எங்கே இடம்பெறும் என்பதற்குத் தெளிவான விடை நமக்குப் புலப்படவில்லை.

வரைபடம் முந்திக்கொள்ளும்போது நேர்வதை ஆரோவில்லே அண்மையில் கண்டது. ஆஞ்ஜேயின் திட்டத்திலுள்ள வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்கள் அகற்றப்பட்டபோது குடியிருப்போரிடையே கடும் பிணக்கு எழுந்தது. 2022 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பணிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. சட்ட முடிவு எவ்வாறாயினும், அரை நூற்றாண்டில் அங்கே ஒரு காடு வளர்ந்திருந்தது என்பதும், அதை வளர்த்தவர்கள் அதற்குள் வாழ்ந்தனர் என்பதும் உண்மை. 50,000 பேருக்கென வரையப்பட்ட நகரில் இன்றும் நாலாயிரம் பேர்கூட இல்லை. இப்பிணக்கைக் குண்டூவின் கட்டடங்கள்மேல் ஏற்றுவது முறையாகாது. ஆயினும், இவருடைய நகரக் கனவும் அதே வரைபடத்தின்மேல்தான் நிற்கிறது என்பதைத் திறனாய்வு மறைத்தல் ஆகாது.

காலம் என்னும் மூலப்பொருள்

2020இல் டென்மார்க்கின் லூசியானா அருங்காட்சியகத்தில் தொடங்கிய தம் கண்காட்சிக்குக் குண்டூ, ‘காலமெடுத்தல்’ எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். மனித காலமும் ஒரு மூலப்பொருளே. அதைச் செலவிடத் தயங்கி இயற்கை வளத்தைச் செலவிடுகிறோம் என்பது இவருடைய வாதத்தின் சாரம். இவ்வாதம் வலிமையானது. எனினும், யாருடைய காலம் என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. மெல்லக் கட்டும் உரிமை வடிவமைப்பாளருக்கு உண்டு. நாட்கூலியை நம்பி வாழும் சித்தாளுக்கு அது வேறு பொருள் தரும். சுற்றுவட்டார ஊர்களில் கம்பியும் சிமெண்ட்டும் கொண்ட மாடி வீடே இன்றும் மதிப்பின் அடையாளம். அச்சுக்கல்லை அழகுற அடுக்கிய கை, தனக்கென ஒரு வீட்டை அதே கல்லால் கட்டிக்கொள்ளும் நாளில்தான் இம்முயற்சி முழுமை பெறும்.

முடிவுரை

குண்டூவின் தனிக்கட்டடங்கள் பொருளையும் தொழிலாளரையும் வடிவத்தின் மூலமாகக் கொண்டவை. அவ்வளவில் அவை ஐயமற்ற சாதனைகள். நகரத்தைப் பொறுத்தவரை, அவருடைய நோக்கம் சரியானது. வழி இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. சுவரைக் கட்டும்போது கல்லிடம் கேட்டதுபோல, நகரைக் கட்டும்போது அங்கே முன்பே வேரூன்றிய மரத்திடமும் மனிதரிடமும் கேட்கும் முறை ஒன்று உருவாக வேண்டும். அத்தகைய முறைக்கான விதை வெனிசில் கொத்தனார் ஆசிரியராக நின்ற காட்சியிலேயே உள்ளது என நாம் கருதுகிறோம்.

தமிழாசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு பணி உண்டு. அச்சுக்கல் என்னும் சொல் இன்று ஆங்கிலக் கட்டடக்கலை இதழ்களில் அப்படியே வழங்குகிறது. பச்சைக்கல், சூளை, சாந்து, இரசமட்டம், தூக்குக்குண்டு என நீளும் தொழிற்சொற்கள் நம் பாடநூல்களிலோ கலைச்சொல் தொகுதிகளிலோ உரிய இடத்தைப் பெறவில்லை. அவற்றைக் கையாளும் தலைமுறை உயிரோடு இருக்கும்போதே சென்று கேட்டுத் தொகுத்தல் வேண்டும். அப்பணியில் அவர்தம் பெயர்களையும் சேர்த்தே பதிவு செய்வோமாயின், கட்டடக்கலை எழுத்தில் இதுவரை விடுபட்ட ஒரு பகுதியை நாமே நிரப்பியவர்களாவோம்.