லுவாங்வா: கூடாரத்தின் விலையும் நடையின் மதிப்பும்

லுவாங்வா பள்ளத்தாக்கின் ஆடம்பர முகாம்களை விற்கும் படங்களில் ஒரு குளியல் தொட்டி அடிக்கடி தென்படும். மரத்தளத்தின் விளிம்பில் தொட்டி, அதற்கப்பால் ஆறு, ஆற்றில் முதுகு காட்டும் நீர்யானைகள். ஆனால் முகாம்காரர்கள் விற்பதாகச் சொல்வது நடையை. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்குப் பல நூறு டாலர், பேர்பெற்ற இடங்களில் ஆயிரத்துக்கும் மேல் வாங்கும் இந்தக் கூடாரங்கள் அந்த நடைக்கு உதவுகின்றனவா, குறுக்கே நிற்கின்றனவா என்பதுதான் என் கேள்வி.

சாம்பியாவின் கிழக்கிலுள்ள தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவை இதற்கு எடுத்துக்கொள்வது நியாயமானது. காட்டுக்குள் பயணிகளைக் கால்நடையாக அழைத்துப் போவதை ஒரு தொழிலாக வளர்த்த மண் அது. யானைக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்த நார்மன் கார், 1950இல் குண்டா மக்களின் தலைவர் ந்செஃபுவோடு பேசி, அவருடைய நிலத்தில் பார்வையாளர்களுக்கென ஒரு முகாம் அமைத்தார். வருமானத்தில் அந்த மக்களுக்குப் பங்கு என்பது ஏற்பாடு. சுடுவதற்கு அல்ல, வெறுமனே பார்ப்பதற்கே ஆட்கள் காசு கொடுப்பார்கள் என்பதை வடக்கு ரொடீசியா என்று அறியப்பட்ட அன்றைய சாம்பியாவில் நம்பியவர்கள் குறைவு. 1960களில் அவரே நடைப் பயணங்களையும் தொடங்கினார். ஆக, இந்தத் தொழிலை அதன் சொந்த அளவுகோலாலேயே அளக்கலாம். நடை எப்படி இருக்கிறது, பணம் யாருக்குப் போகிறது என்ற இரண்டும் பிறக்கும்போதே அதனோடு பிறந்தவை.

முதலில் நடை. விடிந்தும் விடியாத நேரத்தில் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்ப வேண்டும். முன்னால் துப்பாக்கியோடு அரசு வனவிலங்குத் துறைக் காவலர், அடுத்து ஆயுதமில்லாத வழிகாட்டி, பின்னால் ஒற்றை வரிசையில் விருந்தினர்கள், கடைசியில் தேநீர்ப் பையைச் சுமந்து வருபவர். பேசக் கூடாது. எது வந்தாலும் ஓடக் கூடாது. நீலமும் கறுப்பும் உடுத்தக் கூடாது, ட்செட்ஸி ஈ மொய்க்கும். வழிகாட்டி நின்று ஒரு பிடி மண்ணையோ சாம்பலையோ காற்றில் உதிர்த்துப் பார்ப்பார். மனித வாடை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் ஒரு புதரைக்கூடச் சுற்றுவதில்லை.

இந்த நடையில் பெரிய விலங்கு கிட்டத்தில் அகப்படுவது எப்போதும் நடப்பதில்லை. பார்வை தரைக்கு இறங்கிவிடுகிறது. நேற்றிரவு போன யானையின் பாதத்தடத்தில் வெடிப்புக் கோடுகள் வரைபடம்போல் பதிந்திருக்கும். அதன் மேல் ஒரு பூச்சியின் தடம் ஓடினால், யானை போய் நேரமாகிவிட்டது. யானைச் சாணத்தை உடைத்துப் பார்த்தால் என்ன தின்றது என்று தெரியும், தொட்டுப் பார்த்தால் எப்போது போனது என்று தெரியும். மணலில் குழியானை வெட்டிய குழிகள், நீர்யானை வாலால் விசிறியடித்த சாணம், கறையான் புற்றின் காற்றுத் துளைகள். உண்ணி கொத்தும் பறவை சரசரவென்று கத்தி மேலெழும்பினால், புல்லுக்குள் எருமை இருக்கிறது என்று காவலர் கையைத் தூக்குவார். அந்த ஒரு கணத்தில் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் காது முளைத்துவிடுகிறது. ஜீப்பில் மூன்று மணி நேரம் சுற்றினாலும் இது கிடைக்காது. எஞ்சின் சத்தமும் டீசல் வாடையும் விடாது.

அதே நேர்மையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லுவாங்வாவின் பெருமை சிறுத்தை. அது பெரும்பாலும் அகப்படுவது இரவில் விளக்கடித்து ஓட்டும் வண்டிக்குத்தான், நடப்பவனுக்கு அல்ல. காட்டுநாய்க் கூட்டம், வேட்டையை முடித்த சிங்கம், இவற்றையும் வண்டிதான் கிட்டத்தில் காட்டும். நடந்தால் எல்லாமே கிடைக்கும் என்று சொல்லும் விற்பனையாளர் பொய் சொல்கிறார்.

நடைதான் காட்டுக்கு மென்மையானது என்ற வாதமும் நான் எதிர்பார்த்த அளவு உறுதியாக நிற்கவில்லை. வண்டியைக் கண்டு தலையைத் தூக்காத புகு மானும் இம்பாலாவும் இரண்டு காலில் நிற்கும் உருவத்தைக் கண்டால் தெறித்து ஓடுகின்றன. ஆயிரமாயிரம் ஆண்டுகள் மனிதனிடம் பட்ட அனுபவம் அவற்றின் உடம்பில் இருக்கிறது. நடப்பவன் காட்டோடு ஒன்றிவிடுகிறான் என்று விளம்பரம் எழுதுபவர் மானைக் கேட்டு எழுதவில்லை. நல்ல வழிகாட்டிக்கு இது தெரியும். விலங்கு நம்மைக் கவனிக்கும் முன் பார்த்துவிட்டு, அது கவனிக்காமலே விலகி வருவதுதான் அவருக்கு வெற்றி. விலங்கு ஓடிய நடையைத் தோற்ற நடை என்று கணக்கில் வைக்கும் வழிகாட்டிகள் இருக்கும் முகாமுக்கு மட்டும்தான் இந்தப் பெருமைகள் எல்லாம் பொருந்தும். சாம்பியாவில் நடை வழிகாட்டிக்குத் தனித் தேர்வும் நீண்ட பயிற்சியும் உண்டு. கொடுக்கும் பணத்தில் உண்மையில் மதிப்புள்ள பகுதி இவர்கள்தான்.

அபாயத்தை மழுப்பக் கூடாது. 2025 ஜூலையில் இதே பூங்காவில் நடைப் பயணத்தில் இருந்த இரண்டு பெண்களைக் குட்டியோடிருந்த பெண்யானை தாக்கிக் கொன்றது. உடன் இருந்தவர்கள் சுட்டும் தடுக்க முடியவில்லை. துப்பாக்கி முன்னால் போகிறதே என்ற நிம்மதிக்கு அவ்வளவுதான் அர்த்தம். வண்டிக்குள் இருந்தால் உயிருக்கு உத்தரவாதமா என்றால் அதுவும் இல்லை. 2024இல் சாம்பியாவின் கஃபுவே பூங்காவில் வண்டியில் இருந்த பயணி ஒருவர் யானையால் இறந்திருக்கிறார். ஆனாலும் நடப்பவனுக்கும் யானைக்கும் இடையில் தகரம்கூட இல்லை. இதைத் தெரிந்து ஏற்பவர்கள் போகலாம். சிலிர்ப்பு என்ற பெயரில் இதை விற்பது அசிங்கம்.

இனி கூடாரம். ஆடம்பரக் கூடாரம் என்ற கற்பனைக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1909இல் முன்னாள் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது சுமைதூக்கிகள் மட்டுமே இருநூறுக்கும் மேல். கூடாரமும் புத்தகங்களும் ஆப்பிரிக்கர்களின் தலைகளில் ஏறிப் போயின. இன்றைய முகாமில் பித்தளை விளக்கு, வெள்ளை மேசை விரிப்பு, மாலையில் ஆற்றங்கரையில் ஜின் என்று நடப்பதெல்லாம் அந்தக் காட்சியின் மறு அரங்கேற்றம். துப்பாக்கியின் இடத்தில் கேமரா வந்திருக்கிறது, தேநீர் சுமப்பவர் அப்படியே இருக்கிறார். இதற்காக யாரும் குற்ற உணர்வோடு தேநீரைக் கீழே கொட்ட வேண்டியதில்லை. ஆனால் இந்த நாடகத்துக்கும் சேர்த்தே பில் வருகிறது என்பதை அறிந்திருப்பது நல்லது.

பள்ளத்தாக்கில் இரண்டு வகை முகாம்கள் உண்டு. ஒன்று, ஆண்டு முழுதும் நிற்பது: கான்கிரீட் அடித்தளம், மரத்தளம், நீச்சல் தொட்டி, சிலவற்றில் குளிர்சாதனம். கான்வாஸ் அங்கே சுவருக்குப் போர்த்திய சட்டை. மற்றொன்று, பருவகால முகாம். நவம்பரில் மழை தொடங்கினால் ஆறு கரை புரளும், பூங்காவின் உட்புறப் பாதைகள் சேறாகிவிடும். அதனால் மூங்கில், புல், கூரை, கூடாரம் எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, மழை ஓய்ந்தபின் மே, ஜூனில் மறுபடி கட்டுவார்கள். வாளியில் வெந்நீர் நிரப்பிக் கயிற்றை இழுத்துக் குளிக்க வேண்டும். மெத்தையும் சாப்பாடும் இங்கேயும் உயர்ந்தவைதான், விலையும் மலிவில்லை. ஆனால் இங்கே ஆடம்பரம் என்பது ஆளில்லாத காடும் நான்கைந்து கூடாரங்களும்தான். வாசலைத் திறந்து நடக்கத் தொடங்கிவிடலாம். முதல் வகையிலோ, பல இடங்களில் வண்டியில் ஏறிப் போய் நடையைத் தொடங்கி, வண்டியில் திரும்பி, பதினொரு மணி விருந்துக்கு உட்கார வேண்டியிருக்கிறது. நடை ஒரு பொழுதுபோக்காகச் சுருங்கி, மசாஜுக்கும் மதிய உறக்கத்துக்கும் நடுவே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஆற்றங்கரை என்பது வெறும் காட்சிக்காக அல்ல. ஏறத்தாழ 770 கிலோமீட்டர் ஓடி சாம்பேசியில் கலக்கும் லுவாங்வா, ஆப்பிரிக்காவில் அணைக்குள் சிக்காமல் ஓடும் பெரிய ஆறுகளில் ஒன்று. அதனால் இஷ்டத்துக்குத் தடம் மாற்றுகிறது. விட்டுப்போன வளைவுகள் குதிரைக் குளம்பு ஏரிகளாகின்றன. ஒவ்வொரு வெள்ளத்திலும் கரை இடிகிறது. வறண்ட மாதங்களில் உள்காட்டின் குட்டைகள் வற்ற, விலங்குகள் ஆற்றை நோக்கி வருகின்றன. செப்டம்பரில் செங்குத்துக் கரையைக் குடைந்து செந்நிறப் பஞ்சுருட்டான்கள் கூட்டம் கூட்டமாகக் கூடு வைக்கின்றன. இரவில் நீர்யானைகள் கரையேறிக் கூடாரங்களுக்கு இடையில் புல் மேயும். இருட்டிய பின் காவலாள் இல்லாமல் சாப்பாட்டு மேசைக்குக்கூடப் போக முடியாது. இப்படிப்பட்ட ஆற்றின் ஓரத்தில் கான்கிரீட் ஊற்றுவது அதைப் புரிந்துகொள்ளாதவர் செய்யும் வேலை. பிரித்தெடுக்கும் முகாம்தான் இந்த ஆற்றுக்கு ஏற்ற கட்டுமானம்.

பணக் கணக்கில்தான் என் மதிப்பெண் கடுமையாகக் குறைகிறது. காடு பிழைத்திருப்பது எங்களால்தான் என்று முகாம்கள் சொல்லும்போது, கறுப்புக் காண்டாமிருகத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தது. முகாம்கள் விருந்தினர்களைக் கூட்டிப்போன அதே ஆண்டுகளில்தான் கள்ளவேட்டை அதைத் துடைத்தெடுத்தது. 1998இல் நாட்டிலேயே அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2003 முதல் வடக்கு லுவாங்வா பூங்காவில் மறுபடி கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், தெற்கில் இல்லை. இன்று பல முகாம்கள் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு தொகையை ரோந்துக் குழுக்களுக்கும் பள்ளிகளுக்கும் ஒதுக்குகின்றன. இது நல்லது, ஆனால் அவர்கள் விருப்பப்பட்டுத் தருவது. பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களில் யானை சோளக்கொல்லையை ஒரே இரவில் முடித்துவிட்டுப் போகும். அந்தக் கொல்லைக்காரர், ஒரு விருந்தினர் ஓர் இரவுக்குக் கொடுக்கும் தொகையைக் கேட்டால் நம்பமாட்டார். 1950இன் ஏற்பாட்டில் தலைவருக்கும் மக்களுக்கும் பங்கு என்பது வணிகத்தின் அடித்தளமாக இருந்தது. இன்று முகாம்கள் தருவதோ பெரும்பாலும் நன்கொடை. வழிகாட்டி, சமையல்காரர், காவலாள் என்று உள்ளூர் வேலைகள் இருப்பது உண்மை; பள்ளத்தாக்கிலேயே பிறந்த வழிகாட்டிகள்தான் இந்த நடைகளின் உயிர். வேலை என்பது கூலி, பங்கு என்பது வேறு.

நடை சஃபாரி அதன் விலைக்கு ஏற்றதா? பிரித்துக் கட்டும் சிறிய முகாமில், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், ஒரே வழிகாட்டியோடு தொடர்ந்து சில காலைகள் நடக்க முடியுமானால், ஆம். விலை கசந்தாலும் ஆம். அக்டோபரில் போக வேண்டாம். விலங்கு மிகுதியாகத் தெரியும், ஆனால் வெயில் நடையைக் கொன்றுவிடும், பகலில் கான்வாஸுக்குள் இருக்கவும் முடியாது. நிரந்தர ஆடம்பர முகாமுக்கு என் பதில் இல்லை என்பதே. அது கெட்ட இடம் என்பதால் அல்ல. அங்கே கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் நடையிலிருந்து நம்மைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது. சிறுத்தைதான் ஆசை என்றால், பூங்கா வாயிலுக்கு வெளியே ம்ஃபுவே என்ற ஊரின் பக்கத்து ஆற்றங்கரையில் இதைவிடப் பலமடங்கு குறைந்த செலவில் கூடாரம் கிடைக்கும். இரவு வண்டியும் உண்டு. அங்கேயும் அதே ஆறுதான், அதே நீர்யானைகள்தான். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெரும்பாலான முகாம்கள் நடைக்குச் சேர்ப்பதில்லை. அவர்களோடு போகும் குடும்பம் அந்த ம்ஃபுவே கூடாரத்தையே தேர்ந்தெடுக்கட்டும்.