காதை அடைத்துக்கொண்டு ஓடியவன்

ஜான் பன்யனின் 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' (1678) ஞாயிறுப் பள்ளியில் பரிசாகக் கொடுக்கும் புத்தகம் என்று ஒதுக்கியிருந்தவன்தான் நானும். மறுபடி படித்தபோது ஆரம்பக் காட்சியை என்னால் தாண்ட முடியவில்லை. அழியப்போகிற ஊரைவிட்டு முதுகில் சுமையோடு ஒருவன் ஓடுகிறான். மனைவியும் குழந்தைகளும் திரும்பி வரும்படி கூப்பிடுகிறார்கள். அவன் காதுகளில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, நித்திய ஜீவனை வேண்டிக் கத்தியபடி ஓடுகிறான்.

இதை ஆத்மீக விடுதலையின் படிமம் என்பார்கள். சரிதான். கடவுளின் முன் ஒவ்வொருவனும் தானேதான் நிற்கவேண்டும். குடும்பமோ ஊரோ பாதிரியோ பதிலுக்கு நிற்க முடியாது. ஆனால் அந்த விடுதலையின் முதல் காரியமே செவியை அடைப்பதாக இருக்கிறது. பன்யன் இதற்குச் சமாதானம் எதுவும் சொல்வதில்லை. என்னைத் தொந்தரவு செய்வது இந்த நேர்மைதான்.

அவருக்கு இது வெறும் கற்பனையல்ல. ஓட்டைப் பாத்திரம் அடைப்பது அவர் தொழில். அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660இல் கைதாகி பெட்ஃபர்ட் சிறையில் அடைக்கப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். கொடுக்கவில்லை. 1672வரை சிறை. வெளியே மனைவி, நான்கு குழந்தைகள். அவர்களில் ஒரு பெண்ணுக்குப் பார்வை கிடையாது. சிறைக்குள் அவர் சுதந்திர மனிதர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சுதந்திரத்தின் விலையில் ஒரு பங்கை அந்தப் பெண்ணல்லவா கொடுத்தாள்? 1684இல் இரண்டாம் பாகம் வந்தது. அதில் மனைவியும் பிள்ளைகளும் அதே பாதையில், வழித்துணையோடு போகிறார்கள். முதல் பாகத்தின் உக்கிரம் இதில் இல்லைதான். ஆனால் எனக்கு இது, பட்ட கடனை ஒருவர் ஒப்புக்கொள்வதாகப் படுகிறது.

இந்தக் கதையை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) என்ற காவியமாக்கினார். வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். விருத்தத்தின் கம்பீரத்தில், தனியே ஓடுகிறவனின் மூச்சிரைப்பு கேட்காமல் போய்விடுகிறது என்பது என் குறை. காவியம் பலர் கூடிப் பேசும் குரல்; தனியனுக்கு அதில் இடம் குறைவு. ஆயினும் அதில் கம்பனின் ஓசை திரும்பத் திரும்ப எழுகிறது. நடுவே தேவாரம் என்று பெயரிட்டே பாடல்கள். விட்டு வந்த வீட்டின் சப்தத்துக்கு இவர் காதை அடைக்கவில்லை. பன்யனின் மனிதன் பின்னாலிருந்து வந்த குரலுக்குத் தப்பி ஓடினான். இவர் அந்தக் குரலிலேயே பாடினார்.

பலன், இரு பக்கமும் அந்நியம். சபைக்கு அது பக்தி நூல், படிக்காமலே மதிக்கலாம். பண்டிதர்கள் 'கிறிஸ்தவக் கம்பர்' என்றார்கள். பட்டம் கொடுத்ததோடு படிக்கும் கடமை தீர்ந்தது. நாமோ, நம்பிக்கை தரும் தனிமையைப் பற்றிப் பேச கீர்க்கேகார்டைத் தேடி டென்மார்க் வரை போகிறோம். திருநெல்வேலிக்காரர் ஒருவர் அதை நம் மொழிக்குள்ளேயே அனுபவித்திருக்கிறார். காதில் விரலை வைத்துக்கொண்டிருப்பது இப்போது நாம்தான்.