குறுமரக் கலையும் அதன் சபைகளும்

ஒரு கலையின் உயர்வை நிச்சயிக்க அதில் தேர்ந்த வித்வான்களின் தொகையை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது. அவர்களுடைய வேலைப்பாட்டைக் கண்டு குணதோஷங்களைச் சீர்தூக்கிச் சொல்லவல்ல ரசிகர்கள் கூடும் சபை எங்கே இருக்கிறது, அந்தச் சபை எந்த லட்சணங்களைப் பிரமாணமாகக் கொண்டிருக்கிறது, ஆக்கிய பொருளைப் பேணி அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்பவர் யார் என்பவற்றையும் விசாரித்தாக வேண்டும். போன்சாய் என்னும் குறுமரக் கலைக்கு இந்த விசாரணை மிக மிக அவசியம். சித்திரம் எழுதி முடித்தவன் தூரிகையை வைத்துவிடலாம். விக்கிரகம் வடித்தவன் உளியை வைத்துவிடலாம். குறுமரமோ உயிருள்ளது, முடிவு என்பதை அறியாதது; பல தலைமுறைகள் காத்து வந்த மரத்தை ஒரு கோடை வாரத்தின் அலட்சியம் பட்டுப்போகச் செய்துவிடும். ஆகவே சங்கம், கண்காட்சி, தனியார் சேகரம் ஆகிய மூன்றும் இல்லாவிடில் இந்தக் கலையே நிலைத்திருக்காது என்பது என் துணிபு.

இதன் ஆதி ஸ்தானம் சீன தேசம். கி.பி. 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த, டாங் வம்சத்து இளவரசர் ஜாங்ஹுவாயின் சமாதிச் சுவரில், சிறு செடிகளும் கற்களும் அமைந்த தட்டை ஏந்திய பணியாளின் சித்திரம் இருக்கிறது. நம் சங்கீதத்தில் ஊருக்கும் குடும்பத்துக்கும் ஒரு பாணி ஏற்பட்டதைப் போலவே அங்கும் பிரதேசந்தோறும் ஒரு சம்பிரதாயம் வேரூன்றியது. யாங்ஜோ நகரத்தார் கிளைகளை நாரினால் கட்டி, இலைத் தொகுதிகளை மெல்லிய மேகப் படலங்களாகப் பரப்புவர். சிச்சுவான் பிரதேசத்தார் அடிமரத்தையே வகுத்த கணக்கின்படி வளைத்து வளைத்து ஏற்றுவர். தெற்கே குவாங்டாங்கில் தோன்றிய லிங்நான் சம்பிரதாயத்தார் நாரையும் கம்பியையும் பெரிதும் நம்பாமல், கிளையை வளரவிட்டு வெட்டி, வெட்டிய இடத்தில் துளிர்த்ததை மீண்டும் வளரவிட்டு வெட்டி, கத்தரி ஒன்றினாலேயே கிளையின் ஒவ்வொரு முறிவையும் திருப்பத்தையும் உண்டாக்குவர். இலைகளை முழுவதும் களைந்து கிளைகளின் எலும்புக் கட்டை மட்டும் காட்டுவதில் அவர்களுக்குத் தனிப் பெருமை. வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையே வருஷக்கணக்கில் காத்திருக்கும் அந்தப் பொறுமையின் பொருட்டே சீனச் சம்பிரதாயங்களில் இதற்கு முதலிடம் கொடுக்க எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானியர் இக்கலையைச் சீனத்திலிருந்து பெற்று, அதைச் சுருக்கி, ஒழுங்குபடுத்தி, சாஸ்திரமாகவே செய்துவிட்டார்கள். 1309-இல் எழுதிய கசுகா ஆலயச் சித்திரச் சுருளில் குறுமரத் தட்டு காணப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் ஷோகன் தொகுகாவா இயெமித்ஸு பேணியதாகச் சொல்லப்படும் ஐந்தூசிப் பைன் மரம் இன்றும் டோக்கியோ அரண்மனைச் சேகரத்தில் உயிரோடு நிற்கிறது. நேராக நிமிர்வது, வளைந்து நிமிர்வது, சாய்வது, மலைச்சரிவிலிருந்து தொங்குவது, காற்றடித்து ஒருபுறமே கிளை நீட்டுவது, பாறையை வேரால் கவ்வுவது, தோப்பாக நிற்பது என்று ரூப பேதங்களை வகுத்திருக்கிறார்கள். இவை எல்லாம் வனத்திலும் மலையிலும் கண்ட மரங்களின் சுபாவமேயன்றித் தோட்டக்காரனின் கற்பனை அல்ல. மெலிந்த அடிமரமும் உச்சியில் சில கிளைகளுமாக நிற்கும் புலவர் ரூபம் ஒன்றுதான் இந்த விதிகளுக்குள் அடங்காமல் நழுவுகிறது. அனுபவம் முதிர்ந்தவர்கள் கடைசியில் அதனிடமே வந்து சேர்வதைப் பல சங்கங்களில் காணலாம்.

பரீட்சகர் ஒரு மரத்தின் முன் நிற்கும்போது அவர் கண் முதலில் போவது வேரடிக்கு. மண்ணைப் பற்றி நாற்புறமும் வேர் பரவியிருக்கிறதா, அங்கிருந்து உச்சிவரை அடிமரம் படிப்படியாக மெலிகிறதா, கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று நிழல் வீழ்த்தாமல் அமைந்திருக்கின்றனவா, நுனிச் சிம்புகள் எவ்வளவு நுட்பமாகப் பிரிந்திருக்கின்றன என்று கீழிருந்து மேலாகப் பார்த்துச் செல்வார். வெட்டின தழும்பு தெரிந்தால் குறை. கம்பி அழுந்தின வடு தெரிந்தால் பெருங்குறை. சட்டியும் பரீட்சைக்கு உட்பட்டது. பைனுக்கும் ஜூனிபருக்கும் மெருகு பூசாத மண்நிறச் சட்டி, பூக்கும் மரத்துக்கும் இலையுதிர் மரத்துக்கும் மெருகிட்ட வர்ணச் சட்டி என்பது பொது வழக்கு. தொகோனோமா என்னும் சுவர் மாடத்தில் வைக்கும்போது மரம், அதன் கீழ் மேஜை, பக்கத்தில் ஒரு சிறு புல் அல்லது செடி, பின்னே தொங்கும் சித்திரச் சுருள் எல்லாம் ஒரே பருவகாலத்தைச் சொல்ல வேண்டும்.

இத்தனை லட்சணங்களும் பொதுப் பிரமாணமாக ஸ்திரப்பட்டது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில்தான். 1921 முதல் 'போன்சாய்' என்னும் பத்திரிகையை நடத்திய கொபயாஷி நொரியோவும், தாமே பெரிய சேகரக்காரரான மத்ஸுதைரா பிரபுவும் முன்னின்று, சித்திரத்துக்கும் சிற்பத்துக்கும் உரிய உயெனோ கலைக்கூடத்தில் குறுமரத்துக்கும் இடம் வேண்டுமென்று விடாது முயன்றதன் பயனாக, 1934-இல் கொகுஃபு-தென் என்னும் கண்காட்சி அங்கே தொடங்கிற்று. உலக யுத்தத்தில் இடையறவு பட்டும், பிறகு மீண்டு, இன்றளவும் நடந்துவருகிறது. முன்கூட்டியே தேர்வுக் குழுவினர் பார்த்து ஏற்ற மரமே உள்ளே செல்லும். அவற்றுள்ளும் மிகச் சிலவற்றுக்கே கொகுஃபு விருது கிட்டும்.

இங்கே ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே மரத்தின் அருகில் எழுதப்படுவது அதன் சொந்தக்காரர் பெயர். வருஷக்கணக்கில் கம்பி சுற்றி, ஊசியிலை களைந்து, மரத்தைத் தயார் செய்த வித்வானின் பெயர் அல்ல. வித்வான்கள் தங்கள் பெயரில் வைப்பதற்கென்று சகுஃபு-தென் என்னும் வேறொரு கண்காட்சி உண்டு. உழைத்தவனை மறைக்கும் வழக்கமாக இதை அந்நியர் சிலர் கருதுகிறார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு மரத்தைப் பல கைகள் உருவாக்குகின்றன. அதைக் காப்பதற்கான செலவையும் கவலையையும் ஏற்று, தகுந்த வித்வானிடம் ஒப்படைத்து, தமக்குப் பின் யாரிடம் சேர வேண்டுமென்று தீர்மானிக்கும் சேகரக்காரரைச் சபை கௌரவிப்பது நியாயமே. 1965-இல் ஸ்தாபிதமான நிப்பொன் போன்சாய் சங்கம் சிறந்த மரங்களை அருமரங்களாகப் பதிவு செய்துவருவதும் இதே நோக்கத்தைச் சார்ந்தது.

தொழில்முறை வித்வான்களின் ஊர் ஓமியா. 1923-ஆம் வருஷத்துப் பூகம்பத்துக்குப் பிறகு, டோக்கியோவிலிருந்த தோட்டக்காரர் சிலர் நல்ல மண்ணும் நீரும் காற்றும் தேடி வடக்கே சென்று 1925-இல் அங்கே ஒரு கிராமத்தை அமைத்தனர். குடியேறுவோருக்கு அவர்கள் விதித்த நிபந்தனைகள் அழகானவை: பத்துக் குறுமரங்களுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், வாயிற்கதவு யாவருக்கும் திறந்திருக்க வேண்டும், மாடி வீடு கட்டலாகாது, வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும். தோட்டங்களின் தொகை இப்போது குறைந்துவிட்டது. ஆயினும் 2010-இல் அவ்வூரில் குறுமரக் கலைக்கூடம் ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. ஓமியாவில் குருகுலவாசம் செய்து வெளிவந்த கிமுரா மஸஹிகோ, யந்திரக் கருவிகளால் ஜூனிபரின் பட்ட கட்டையைச் செதுக்கித் திகைப்பூட்டும் வடிவங்களை ஆக்கியபோது, பழைய சம்பிரதாயத்தார் இது மரமா சிற்பமா என்று ஆக்ஷேபித்தார்கள். பட்ட பாகத்தில் அவர் எவ்வளவு துணிந்தாலும் உயிருள்ள நரம்பைப் பழுதுபடாமல் காப்பதால், அந்த ஆக்ஷேபம் பலவீனமானது என்றே சொல்வேன்.

கடல் கடந்த சங்கங்களுள் முதலில் நினைவுக்கு வருவது காலிபோர்னியா. அமெரிக்காவில் பிறந்து, ஜப்பானில் பாட்டனாரிடம் வளர்ந்து திரும்பிய ஜான் நாகா, 1950-இல் நண்பர்களோடு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சங்கம் கண்டார். பேரக் குழந்தைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதினொரு ஜூனிபர்களைச் சேர்த்து அவர் அமைத்த 'கொஷின்' என்னும் தோப்பு இப்போது வாஷிங்டன் தேசிய மரத்தோட்டத்தில் இருக்கிறது. 1976-இல் ஜப்பான் அந்நாட்டுக்கு அளித்த ஐம்பத்துமூன்று மரங்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, 1625 முதல் பழக்கப்பட்டு வருவதாகக் கணிக்கப்படும் வெண்பைன். அதை அளித்த யமாகி குடும்பத்தின் வீடு ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்துக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் இருந்தது, மரம் பிழைத்தது. அந்தக் குடும்பத்துப் பேரர்கள் 2001-இல் வந்து சொல்லும்வரை தோட்டத்தாருக்கு இச்செய்தி தெரியாது.

மரத்தோடு அதன் சரித்திரமும் கைமாற வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை. நம் நாட்டில் ஆலும் அத்தியும் புளியும் காகிதப்பூவும் சட்டியில் செழிக்கின்றன. சங்கங்களும் கண்காட்சிகளும் நடைபெறுகின்றன. புதிதாக இக்கலையில் இறங்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது: கடையில் சட்டி வாங்குமுன் ஒரு சங்கத்தில் சேருங்கள், உங்கள் மரத்தை முதிர்ந்த ஒருவர் கண்முன் வைத்து அவர் சொல்லும் குறையைக் கேளுங்கள், எந்த வருஷம் மண் மாற்றினீர்கள், எந்தக் கிளையை வெட்டினீர்கள், யாரிடமிருந்து பெற்றீர்கள் என்று ஒரு குறிப்பேடு எழுதி வையுங்கள், உங்களுக்குப் பின் அந்த மரம் யாருக்கு என்பதையும் அதிலேயே குறித்து வையுங்கள்.