இலவச அறுவை சரி, அதற்குப் பிறகு?

திசையன்விளைக்கு அருகே இட்டமொழித் தேரியில் கால் புதைய நடந்தவர்கள் அந்தச் செம்மணலை அறிவார்கள். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த குவார்ட்ஸ் அதில் ஏராளம். அவ்விரு தனிமங்களையும் சங்கிலியாகக் கோத்து, பக்கங்களில் கரிமத் தொகுதிகளை இணைத்தால் கிடைப்பது சிலிக்கோன். மார்பகத்தினுள் வைத்துத் தைக்கப்படும் செயற்கைப் பையின் உறை இப்பொருளால் ஆனது. உள்ளேயுள்ள கூழும் பெரும்பாலும் இதுவே.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு இப்பையை இலவசமாகப் பொருத்தும் திட்டம் தொடங்கியது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்கு மட்டுமன்றி, தோற்றத்திற்காக விரும்புவோருக்கும் இச்சலுகை உண்டு என்றார்கள். பணக்காரருக்குக் கிடைப்பது ஏழைக்கு ஏன் கூடாது என்றது அரசு. உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போக வேண்டும் என்றனர் மறுத்தோர். எமது கேள்வி வேறு: அறுவைக்குப் பிறகு என்ன?

வரலாற்றைப் பார்ப்போம். 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குரோனின், ஜெரோ என்னும் மருத்துவர்கள் முதல் சிலிக்கோன் கூழ்ப் பையைப் பொருத்தினர். பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்று 1992இல் அந்நாட்டு அரசு அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. வழக்குகள் குவிந்தன, 1995இல் டௌ கார்னிங் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஆனால் 1999இல் அறிஞர் குழு ஒன்று, மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கு இப்பை காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றது. பை கிழிதல், சுற்றிலும் தழும்பு இறுகுதல், மறு அறுவை ஆகியவையே உண்மையான தொல்லைகள் என்றும் கூறியது. 2006இல் கட்டுப்பாடு நீங்கியது.

கதை அத்துடன் முடியவில்லை. பிரான்சின் பிப் நிறுவனம் மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலைச் சிலிக்கோனை அடைத்து விற்றது 2010இல் அம்பலமாயிற்று. சொரசொரப்பான உறையுள்ள பைகளைச் சுற்றி அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவதும் தெரியவந்தது. 2019இல் அல்லெர்கன் நிறுவனம் தன் சொரசொரப்புப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது.

இவற்றால் பெறும் பாடம் என்ன? சிலிக்கோன் நஞ்சன்று, ஆனால் இப்பை ஆயுள் முழுவதும் நிலைப்பதுமன்று. வலியின்றியே கிழியக்கூடும். ஆகவே ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு முறையும், பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்படி அமெரிக்க அரசு அறிவுறுத்துகிறது.

திசையன்விளைப் பெண் ஒருத்தி இதற்காக அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னை போவாளா? பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலேயே அச்சோதனை அவளுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். பையின் நிறுவனம், வகை, தொகுதி எண், பொருத்திய நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய அட்டையும் அவள் கையில் இருக்க வேண்டும். நாளை அவ்வகைப் பை திரும்பப் பெறப்பட்டால், அது தன்னுடையதா என்று அவள் அறிய வேறு வழி ஏது?

அறுவை ஒரு நாள் வேலை. கண்காணிப்பு ஆயுட்காலப் பொறுப்பு. முன்னதை மட்டும் இலவசமாகத் தருவது பாதி உதவியே ஆகும்.